வெள்ளிக்கிழமைக் கடல்

செவலூரணியில் கடல் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு முத்துத்துறையின் கடலை மவுண்ட் செய்துகொள்வார்கள், அதாவது தங்கள் ஊரில் ஏற்றிக்கொள்வார்கள். முத்துத்துறை நகராட்சி தன் சர்வரின் பகிர்வுப் பட்டியலில் கடலைப் போட்டு, எதிரே செவலூரணியின் பெயரை எழுதியிருந்தது. இங்கே நகராட்சி சர்வரில் ஒரு வரி தட்டினால் போதும், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலுள்ள பொட்டலில் கடல் ஏறிவிடும்.

‘பார்க்க மட்டும்’ என்ற அனுமதியில் வந்த கடல் அது. கால் நனைக்கலாம், கரையேறியதும் கால் காய்ந்திருக்கும். ஒரு சிப்பியைக்கூட எடுத்துவர முடியாது. பிள்ளைகள் கட்டும் மணல் வீடு கட்டக் கட்டவே காணாமல் போகும். சும்மா கிடைத்த கடலில் நொட்டை சொல்ல யாருக்கு மனம் வரும்?

கடலை ஏற்றி இறக்கும் வேலை பூங்காவனத்துடையது. ஏற்றும் முன் ஜன்னல் வழியாகப் பொட்டலை ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும் என்பது அவளே வைத்த சட்டம். பொட்டலில் இருப்பது எதுவானாலும் கடல் ஏறியதும் அடியில் மறைந்துவிடும். சேதம் ஒன்றும் ஆகாது. கடலை இறக்கும்வரை எட்டாது, அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் எட்டிப் பார்க்கவில்லை. அன்று ஐந்தே காலுக்கு அவளுக்குக் கல்யாணப் பதிவு. தன் கல்யாணத்துக்காக ஊரின் கடலை நிறுத்த அவளுக்கு மனமில்லை. ஒரு கையால் பொட்டு வைத்துக்கொண்டு மறு கையால் அந்த வரியைத் தட்டினாள்.

வரி வசூல் பிரிவு மெஹருன்னிசா வந்தாள். முதல் சாட்சி அவள்தான்.

“மாப்பிள்ள எங்கடி, கதிரேசன் அண்ணன்?”

“நாலரைக்கு வரச் சொல்லியிருக்கேன்.”

“அவர் மூணே முக்காலுக்கே வந்தாச்சே. பொட்டல்ல வேப்பமரத்தடியில உக்காந்திருந்தாரு. பட்டுச் சட்டை வேற.”

பூங்காவனம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேப்பமரம் இருந்த இடத்தில் ஒரு கட்டுமரம் ஆடிக்கொண்டிருந்தது.

பதிவாளர் அலுவலகம் ஐந்தே முக்காலுக்கு மூடிவிடும். முதல் தடவை குறித்த தேதியில் பதிவாளருக்குக் காய்ச்சல், இரண்டாம் தடவை குறித்த தேதியில் சர்வருக்கு. இதுவும் தவறினால் ஆடி கழிந்துதான். முப்பத்து நாலு வயதில் மூன்றாவது தடவையும் பட்டுப்புடவையை மடித்து வைக்கச் சொன்னால் அவள் அழுதே விடுவாள்.

ஒலிபெருக்கியில் எல்லோரையும் கரையேறச் சொன்னாள். ஊரைக் கரையேற்ற ஐந்து மணி ஆனது. கடலை இறக்கும் கட்டளையைத் தட்டினாள். ‘உபயோகத்தில் உள்ளது’ என்று சர்வர் மறுத்தது. யார் என்று கேட்டாள். ‘சுப்புராமன், வலது கால்’ என்றது.

சுப்புராமன் ஓய்வு பெற்ற கண்டக்டர், அவள் அப்பாவின் சிநேகிதர், அவளுடைய இரண்டாவது சாட்சி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார். பூங்காவனம் கரைக்கு ஓடினாள்.

“மாமா, வெளிய வாங்க. அவர் அடியில இருக்காரு.”

“இந்தா தாயி, இந்த அலை வந்துரட்டும்.”

அந்த அலை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

“ஏறுற ஆள விட்டுட்டு விசில் ஊதி எனக்குப் பழக்கமில்ல தாயி,” என்றார் வருத்தத்தோடு. முப்பது வருஷ சர்வீஸ். அவர் பேரில் ஒரு புகார்கூட இல்லை.

உள்ளே இருப்பவரை முடித்துவிட்டு இறக்கும் கட்டளையும் உண்டு. ஆனால் சாட்சியை முடித்துவிட்டுக் கல்யாணம் பதிய முடியாது. அவள் மேஜைக்குத் திரும்பி, கட்டளையோடு ஓர் எழுத்தைச் சேர்த்துத் தட்டினாள். அப்படிச் செய்தால் ஊருக்குக் கடல் போய்விடும். உள்ளே நிற்பவருக்கு மட்டும் அவர் கால் எடுக்கும்வரை இருக்கும்.

பொட்டல் வந்தது. வேப்பமரம் வந்தது. அடியில் கதிரேசன் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். பூங்காவனம் அவனிடம் ஓடினாள்.

“எத்தன தடவ போன் போடுறது? எடுக்கவே மாட்டேங்குற.”

“கடலுக்கு அடியில இருந்தீங்க.”

“அதான் சிக்னல் இல்ல,” என்றான். அவனைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. மீதிக் கடலையை வாங்கித் தின்றாள்.

மணி ஐந்து முப்பத்தைந்து. சுப்புராமன் வெறுந்தரையில் நின்று அலைகளுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார். சாட்சி அலுவலகத்துக்கு வரமாட்டார் என்றால் அலுவலகம்தான் வரவேண்டும். பூங்காவனம் பதிவாளருக்கு போன் செய்தாள். பதிவாளர் ரோஸ்லின் தன் அறையைப் பகிர்வுப் பட்டியலில் போட்டார். இம்முறை பூங்காவனம் கதிரேசனை ஓரமாக நிற்கவைத்து, மேஜைக்குத் திரும்பி, ஜன்னல் வழியாக இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தட்டினாள்.

பொட்டலில் பதிவாளர் அறை ஏறியது. சுப்புராமன் கடலில் நின்றதால் மறையவில்லை. பதிவேட்டின் பக்கத்திலேயே நின்றார்.

பூங்காவனம் ஓடிவந்து கையெழுத்துப் போட்டாள். போட்ட கையெழுத்து அழிந்துபோனது.

“பழக்க தோஷம்மா. பார்க்க மட்டும்னு போட்டுட்டேன்,” என்று சொல்லி ரோஸ்லின் அனுமதியை மாற்றினார். மறுபடி போட்டாள், நின்றது. கதிரேசனுடையதும் நின்றது. மெஹருன்னிசா தன் பெயரை முழுசாக எழுதினாள்.

மணி ஐந்து நாற்பத்து மூன்று. சுப்புராமன் வலது காலைக் கடலில் வைத்துக்கொண்டு இடது காலை அறைக்குள் வைத்துக் கையெழுத்திட்டார்.

“முகவரி?” என்றார் ரோஸ்லின்.

சுப்புராமன் தன் வலது காலைப் பார்த்தார். “இப்போதைக்கு முத்துத்துறைக் கடல், கணுக்கால் ஆழம்.”

ரோஸ்லின் அதை எழுதிக்கொண்டார். “வெளியூர்னா ரேஷன் கார்டு நம்பர் வேணுமே.”

பூங்காவனம் கதிரேசனின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுப்புராமன் வெறுந்தரையைப் பார்த்துக் காத்திருந்தார்.

“இந்தா வருது,” என்று குனிந்தார். எடுக்க அனுமதியில்லை என்பதால் அலையில் வந்த கார்டுக்குக் கையை நீட்டாமல் எண்ணைப் படித்தார். ரோஸ்லின் எழுதினார். கடைசி இலக்கத்துக்கு முன்னால் அலை திரும்பிவிட்டது.

மற்ற நால்வரும் கடிகாரத்தைப் பார்த்தபடி அடுத்த அலைக்காக நின்றார்கள். ஐந்து நாற்பத்து நான்குக்கு அது வந்தது.

“ஏழு,” என்றார் சுப்புராமன்.