பஞ்சு வளரவில்லை

கண்டாவளை யோகநாதனுக்கு நாய் என்றால் காவல். பன்றி வயலுக்குள் இறங்கினால் வரம்பு அதிரக் குரைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாய்க்குச் சோறு எதற்கு? இப்படிப்பட்டவரிடம், போர் ஓய்ந்து வன்னிக்கான பாதை திறந்திருந்த காலத்தில் மனைவியின் தம்பி கொழும்பிலிருந்து ஒரு பொமரேனியன் பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். கை நிறைய வெள்ளை மயிர், நடுவில் இரண்டு கறுப்புக் கண்கள், அவ்வளவுதான். மனைவி இராசமலர் அதற்குப் பஞ்சு என்று பேர் வைத்தாள். வெளிநாட்டு இனம், பெரிதாக வளரும் என்று யோகநாதன் தாமே முடிவுகட்டிக்கொண்டார்.

பஞ்சு வளரவில்லை. நெத்தலிக் கருவாடு போட்டார், முட்டை போட்டார், பூச்சிமருந்தும் கொடுத்துப் பார்த்தார். பத்து மாதத்தில் முழங்காலுக்குக் கீழே நின்றது நின்றதுதான். மயிர் மட்டும் சளைக்காமல் வளர்ந்தது. குளிப்பாட்டினால் அதுவும் ஒட்டிப்போய், அணில் போல ஒன்று நடுங்கிக்கொண்டு நிற்கும்.

"யோகநாதன்ரை நாய் பன்றியைக் கண்டால் மடியிலை ஏறி இருக்கும்" என்று வாய்க்காலடியில் பகிடி பண்ணினார்கள். அவரும் சிரித்தார். உள்ளே சுட்டது. ஆனாலும் அவர் வயலுக்குப் போனால் பஞ்சு பின்னாலேயே ஓடும். அவர் கழற்றிப் போட்ட சாறத்தில்தான் படுக்கும். பாசம் வைக்கிறதில்லை என்று வீம்பாக இருந்த மனிசன் எப்போது வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

நாட்டுப் பசுவுக்குச் சினை ஊசி போட்டு நல்ல சாதிக் கன்று எடுத்தவர் அவர். மாட்டில் சரிவந்தது நாயில் ஏன் வராது? இரண்டாயிரத்தாறாம் ஆண்டு ஆடியில் பஞ்சு பருவத்துக்கு வந்தபோது, மில்லடியில் திரிந்த பெரிய தலைக் கறுப்பு ஆண் நாயை வளவுக்குள் விட்டுப் படலையைச் சாத்தினார்.

"வேண்டாமப்பா, அது சின்ன உடம்பு" என்றாள் இராசமலர்.

"குட்டியள் பெரிசா வரும். பன்றிக்கு அதுதான் சரி."

அடுத்த மாதம் மறுபடி சண்டை மூண்டு பாதை பூட்டப்பட்டது. சீனி, சவர்க்காரம், பெற்றோல் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. வவுனியாவுக்குப் போன மிருக வைத்தியர் அங்கேயே நின்றுவிட்டார். பஞ்சுவின் வயிறு மட்டும் ஊதி ஊதி நிலத்தைத் தட்டியது. யோகநாதன் அதைப் பெருமையோடு பார்த்தார். அந்தப் பெருமையை நினைத்தால் இதைச் சொல்லும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

புரட்டாதியில் ஒருநாள் விடியவே பஞ்சு முக்கத் தொடங்கியது. மத்தியானம் வரை ஒன்றும் வரவில்லை. மாடுகளுக்கு ஊசி போடுகிற தங்கராசா மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளில் புகை கக்கிக்கொண்டு வந்து, விரலை விட்டுப் பார்த்தான்.

"அண்ணை, குட்டியின்ரை தலை பெரிசு. இதின்ரை எலும்புக்குள்ளாலை வராது. வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கோணும்."

"நீ கிழியன்."

"எனக்குத் தெரியாதண்ணை. வவுனியாவிலைதான் செய்யலாம்."

யோகநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போக அனுமதிப் பாஸ் எழுதுகிற இடத்துக்கு ஓடினார். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டுகளோடு சனம் வரிசையில் நின்றது. அவருக்கு முன்னால் ஒரு தாய், உதடு நீலம் பாய்ந்த கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள்.

"கிழமைக்கணக்கா அலையிறன், அண்ணை" என்றாள் அவள். "உங்கடை வீட்டிலை ஆருக்கு?"

யோகநாதன் குழந்தையின் உதட்டைப் பார்த்தார். வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு வந்தார்.

குசினி மூலையில் பஞ்சு பக்கவாட்டில் கிடந்தது. முக்குவதை விட்டுவிட்டது. இராசமலர் எழுந்து அவருக்கு இடம் விட்டாள். அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். அது அவர் கையை நக்கியது. அவர் ஏதாவது செய்வார் என்று நம்பிக்கொண்டே நக்கியது.

"நீ இப்பிடி இருக்கிறது போதாதெண்டு நினைச்சிட்டன், பிள்ளை" என்றார் யோகநாதன்.