நாற்பத்திரண்டு புத்தகத்திலும் இல்லாதது

சிவசாமி விற்காத சாமான் கிடையாது. அக்கரப்பத்தனைக்கு மேலே இரண்டு கட்டை தூரம் தள்ளியிருந்த நாகமலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போகும் பாதை பிரிகிற இடத்தில் அவனுடைய கடை. நமுத்துப்போன பிஸ்கட்டை, "பல்லு இல்லாதவங்களுக்குன்னே கொழும்புல தனியா செஞ்சது" என்று சொல்லி ஒரே மாலையில் விற்றுத் தீர்த்தவன். பிடி உடைந்த குடையை, கொழுந்துக் கூடைக்குள் செருகிக்கொள்ளத் தோதானது என்று தள்ளிவிட்டவன். ஏமாந்தவர்கள் மறுநாள் வந்து வாயாரத் திட்டுவார்கள். திட்டி முடித்த களைப்புக்கு ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள்.

அப்பேர்ப்பட்டவன் வீட்டிலேயே ஒரு சரக்கு விலைபோகாமல் கிடந்தது. அதுதான் அவன் மனைவி வீரம்மாவின் வாசிகசாலை.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது நாற்பத்திரண்டு புத்தகங்களை வீரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கோழி வளர்ப்பு, முதலுதவி, வானசாஸ்திரம், கப்பல் பயணம், சமையல் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத கூட்டம். வீரம்மா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். லயத்துப் பெண்களுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அவளிடம்தான் வரும். ஊரே பெருமையாக நினைத்த அந்த வேலை அவளுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"புருஷன் பொண்டாட்டிக்கு எழுதுறத மொதல்ல நான் படிக்கிறேன்" என்பாள். "படிக்கப் படிக்க அந்தப் புள்ள தலையக் குனிஞ்சுக்குது. எனக்கும் எங்க பாக்குறதுன்னு தெரியல. இது என்ன பொழப்புங்க? அவங்கவங்க கடுதாசிய அவங்கவங்க படிக்க வேணாமா?"

இதற்காக, எல்லாரும் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் கேட்டு, அவள் தோட்டத்து ஆபீசுக்கு ஒன்பது தடவை நடந்தாள். பத்தாவது தடவை அவள் வருவதைத் தூரத்தில் கண்டதுமே தோட்டத்துத் துரை சரியென்று சொல்லிவிட்டாராம். கடைக்கு எதிரே காலியாகக் கிடந்த ஒரு லயத்து அறை கிடைத்தது. ஆனால் சும்மா கிடைக்கவில்லை. மார்ச் முதல் வாரம் பெரிய கிளாக்கர் பேரின்பநாயகம் வந்து பார்ப்பார். ஆட்கள் வந்து படித்துக்கொண்டிருந்தால் அறை அவளுக்கு. இல்லாவிட்டால் உர மூட்டைக்கு.

வீரம்மா ஓர் அட்டையில், 'வாசித்து உயர்வோம்! அனைவரும் வருக!' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் மாட்டினாள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெரிந்தவர்கள், தெரியாதவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். மேல் லயத்து மூக்கன் மட்டும் ஒருநாள் நின்று விசாரித்தார்.

"ஏந் தங்கச்சி, ஊசி போடப் போறாங்களா?"

இல்லை என்றதும் நிம்மதியாகப் போய்விட்டார்.

கொழுந்தை எடை போட்டு முடித்து ஆட்கள் லயம் திரும்பும் நேரத்தில் வீரம்மா விளக்கேற்றுவாள். தூசியே இல்லாத புத்தகங்களைத் தூசி தட்டுவாள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசலைப் பார்ப்பாள். கல்லாவில் இருந்தபடியே சிவசாமிக்கு இதெல்லாம் தெரியும். ஆள் வராத கடையில் உட்கார்ந்திருப்பதன் வேதனையை அவனைவிட யார் அறிவார்? சுருண்டு உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தா புள்ள, நான் வித்துத் தரட்டுமா?"

"இது என்ன கருவாடா, கூவி விக்கிறதுக்கு?"

"கருவாட்டுக்கு எதுக்குக் கூவணும்? அது வாசத்துலயே வித்துரும். இதுக்குத்தான் கூவணும்."

"நீங்க வாயத் தொறந்தா பொய்யி. பொய்யக் கேட்டுக்கிட்டு ஒருத்தரும் இங்க வர வேணாம்" என்று சொல்லிவிட்டாள் வீரம்மா.

அந்த மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் விழாவுக்குக் கம்பம் ஊன்றினார்கள். கம்பம் ஊன்றிவிட்டால் நாகமலையில் அண்ணன் தம்பிகூட ஆகாது. சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்தாரே, அதில் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா? மேல் லயம் எரிந்த கட்சி, அதற்குத் தலைவர் மூக்கன். கீழ் லயம் எரியாத கட்சி, அதற்கு அழகன். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று லாவணி பாடி வாதாடுவார்கள். இருபது வருஷமாக அதே கேள்வி, அதே பதில். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கோபம் வரும். மேல் லயத்தில் பிறந்தாலும் சிவசாமி எந்தக் கட்சியும் இல்லை. இரண்டு கட்சிக்கும் அவன் கடையில்தான் வெற்றிலை.

அன்று மாலை மூக்கன் வெற்றிலைக்கு வந்தார். சிவசாமி இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"மூக்கண்ணே, ஒங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு கேக்கல. வீரம்மாகிட்ட இருக்கிற புத்தகம் ஒண்ணுல, காமன் எரியலன்னு அச்சுல போட்டிருக்காம். அழகன் ஆளுங்க மோப்பம் புடிச்சிட்டாங்க."

"எந்தப் புத்தகம்?"

"அது தெரிஞ்சா இந்நேரம் ஒங்க கையில குடுத்திருக்க மாட்டேனா?"

மூக்கன் வெற்றிலையை மறந்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அழகன் வந்தான். அவனுக்கும் அதே சரக்கு, பக்கத்தை மட்டும் திருப்பிப் போட்டு: எரிந்துதான் போனான் என்று அச்சிலேயே இருக்கிறதாம், மூக்கன் அதைத்தான் தேடப் போகிறாராம்.

மறுநாள் விளக்கேற்றி முடிக்கும் முன்பே வாசிகசாலை வாசலில் செருப்பில்லாத கால்கள் முப்பது நின்றன. வீரம்மா ஓடிப்போய்ப் பாயை விரித்தாள். படிக்கத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த தன் மருமகள் நாகலெட்சுமியை மூக்கன் கையோடு கூட்டி வந்திருந்தார். ஒன்றும் தெரியாதவர்கள் ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"காமன்னு எப்புடி எழுதுவாங்கன்னு மட்டும் காட்டும்மா. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

வீரம்மா சிலேட்டில் மூன்று எழுத்தைப் பெரிதாக எழுதிச் சுவரில் சாய்த்து வைத்தாள். கோழி வளர்ப்பிலும் கப்பல் பயணத்திலும் அந்த மூன்று எழுத்தை விரல்கள் வரிவரியாகத் தேடின. மூக்கன் ஒருமுறை "புடிச்சிட்டேன்!" என்று கத்தினார். நாகலெட்சுமி எட்டிப் பார்த்து, "மாமா, அது மஞ்சக் காமாலை" என்றாள்.

மூன்று எழுத்து இரண்டு நாளில் பத்தாயிற்று, பத்து இருபதாயிற்று. தேடப் போன இடத்தில் சிலர் வழிதவறினார்கள். அழகன் முதலுதவிப் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டேன் என்றான். பாம்பு கடித்தால் கட்டுப் போடும் படத்தைப் பார்க்கப் பெண்கள் முறை வைத்தார்கள்.

நான்காம் நாள் நாகலெட்சுமி பேச்சோடு பேச்சாக, "அந்தப் புத்தகம் எங்கக்கா இருக்கு? சிவசாமி அண்ணன்தான் சொன்னாராமே" என்றாள்.

அன்று சிவசாமிக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் வீரம்மா வாய் திறந்தாள்.

"நாப்பத்திரண்டு புத்தகத்தையும் நான் ஒரு வரி விடாம படிச்சிருக்கேன். காமன் பேரு ஒரு எடத்துலயும் இல்ல."

"எனக்குத் தெரியாதே, நான் எங்க படிச்சேன்?"

"நாளைக்கு எல்லாருக்கும் முன்னால உண்மையச் சொல்லப் போறேன்."

"சொன்னா அத்தன பேரும் எந்திரிச்சுப் போயிருவாங்க புள்ள. கிளாக்கர் வர இன்னும் ஆறு நாளு இருக்கு. அந்த ஆறு நாளு..."

"போனா போகட்டும். உர மூட்டையே கெடக்கட்டும்" என்றாள். குரல் மட்டும் கடைசியில் உடைந்தது. ஆயிரம் பேர் திட்டியும் உறைக்காத சிவசாமிக்கு அது உறைத்தது. இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தான்.

மறுநாள் மாலை வீரம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். சிவசாமி கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றான். அடி விழுந்தால் அவளுக்கு முன்னால் தன் மேல் விழட்டும் என்று.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நீங்க தேடுறது இந்தப் புத்தகத்துல ஒண்ணுலயும் இல்ல. எங்க வீட்டுக்காரரு சொன்னது பொய்யி. மன்னிச்சிக்குங்க."

மூக்கன் மெதுவாக மூக்குப்பொடி போட்டுக்கொண்டார்.

"ஒன்னோட அம்மா வீடு எது தங்கச்சி?"

"கீழ் லயம்தான். ஏங்கண்ணே?"

"அதானே பாத்தேன்! எரியாத கட்சி! பக்கத்தக் கண்டுபுடிச்சி மறைக்கிறா!"

அழகன் துள்ளி எழுந்தான். "யோவ், அவங்க மேல் லயத்துக்கு வாக்கப்பட்டவங்க! புருஷன் வீட்டுப் பக்கம் சாஞ்சிட்டாங்க! மறைக்கிறது ஒங்களுக்காகத்தான்!"

"சத்தியமா இல்லீங்க" என்றாள் வீரம்மா.

"சத்தியம் வேற பண்ணுதே! அப்ப பெரிய விஷயமாத்தான் இருக்கும்!"

அன்று அவள் பூட்டப் போகும்வரை ஒருவரும் நகரவில்லை. அதற்கு மறுநாள் கூட்டம் இரட்டிப்பாயிற்று. சிவசாமி தன் வாழ்நாளில் எத்தனையோ பொய்யை விற்றிருக்கிறான். ஓர் உண்மை இந்தப் போடு போட்டு அவன் பார்த்ததில்லை.

பெரிய கிளாக்கர் பேரின்பநாயகம் குறிப்புப் புத்தகத்தோடு வந்தபோது அவரால் உள்ளேயே நுழைய முடியவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், மடிப்புக் கலையாத வேட்டி. வாசலில் நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன நடக்குது இங்கை? ஆரும் செத்துப் போச்சினமோ?"

"படிக்கிறோமுங்கய்யா" என்றான் அழகன். "காமன் எரிஞ்சாரா எரியலையான்னு."

கிளாக்கர் சிரித்துவிட்டார். "இதுக்கு ஒரு படிப்போ? எரிஞ்சவர்தானே! சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விசயமெல்லோ."

மேல் லயம் ஆரவாரித்தது. கீழ் லயம் கிளாக்கரைச் சூழ்ந்துகொண்டது.

"எந்தப் புத்தகத்துலங்கய்யா?"

"எத்தனாம் பக்கம்?"

"பக்கமோ?" கிளாக்கர் திகைத்தார். "அது... எல்லாரும் சொல்லுறதுதானே."

"வாயால சொல்றத நாங்க எடுத்துக்கிறதில்லீங்க" என்றான் அழகன், மிகுந்த மரியாதையோடு. "பத்து நாளைக்கு முன்னாடின்னா எடுத்திருப்போம். இப்ப அச்சுல காட்டணும்."

இருபத்தைந்து வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் பேரின்பநாயகத்திடம் ஆதாரம் கேட்டவர் எவரும் இல்லை. அவர் குறிப்புப் புத்தகத்தைச் சட்டைப் பையில் செருகினார். வேட்டியை மடித்துக் கட்டினார். நாகலெட்சுமி நகர்ந்து கொடுத்த இடத்தில் பாயில் உட்கார்ந்து வானசாஸ்திரத்தைத் திறந்தார். வீரம்மா பூட்டுச் சாவியை இரண்டு தரம் ஆட்டிக் காட்டிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"இதை ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதேங்கோ பிள்ளை. எழுபத்தாறாம் பக்கத்திலை நிக்கிறன்." வாசலில் திரும்பிப் பார்த்தார். "உர மூட்டைக்கு வேறை இடம் பாக்கச் சொல்லுறன்."

அந்த வருஷத்து லாவணியை நாகமலை வெகுகாலம் பேசியது. உடம்பு முழுக்கத் தீப்பட்டவன் மூன்றாம் நாள் எழுந்து நடமாட முதலுதவிப் புத்தகத்தில் வழியே இல்லை, கதைப்படி காமன் எழுந்தான், ஆகவே அவன் எரியவில்லை என்று அழகன் பாடினான். நட்சத்திரமெல்லாம் எரிந்துகொண்டேதான் ஜொலிக்கிறது, எரிவது வேறு அழிவது வேறு என்று மூக்கன் திருப்பி அடித்தார். கிளாக்கர் முன்வரிசையில் இருந்து தலையாட்டினார், எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லாமல்.

காமன் விழா முடிந்த மறுநாள் காலையில் மூக்கனும் அழகனும் சேர்ந்தாற்போலக் கடைக்கு வந்தார்கள். இரண்டு பேரும் ஒன்றாக வந்ததைப் பார்த்ததும் சிவசாமி கல்லாவை விட்டு எழுந்து பின்வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்தான்.

"நாப்பத்திரண்டும் முடிஞ்சிருச்சி" என்றார் மூக்கன். "இல்ல."

"நாந்தான் அன்னைக்கே..." என்று தொடங்கினாள் கடையில் நின்றிருந்த வீரம்மா.

"அதனால வேற புத்தகத்துலதான் இருக்கணும்" என்றான் அழகன். "ரெண்டு லயமும் பேசி முடிவு பண்ணிட்டோம். அத மொதல்ல கேள்விப்பட்டவரு நீங்கதான் மொதலாளி. ஹட்டனுக்குப் போயி நீங்களே தேடி எடுத்துக்கிட்டு வாங்க."

சிவசாமி வீரம்மாவைப் பார்த்தான். பொய்யைப் பிடித்து இழுத்து வெளியே போடுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ உள்ளே போய்த் துணிப்பையை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். பஸ் நிறுத்தம்வரைக்கும் கூடவே நடந்தாள்.

"ஏ புள்ள, அப்புடி ஒரு புத்தகம் நெசமாவே கெடைச்சா வாங்கட்டுமா?"

வீரம்மா யோசித்தாள். பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.

"வாங்குங்க" என்றாள். "முடிவு சொல்லாத புத்தகமா பாத்து வாங்குங்க."