இரண்டாவது பெயர்

பெருநாள் முடிந்த மறுநாளே மெஹர்பானு லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள்.

"மச்சான், மத்தியானம் கட்டுரைய அனுப்பப் போறேன். ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்."

நானும் என் மனைவி மெஹரும் பெங்களூரில் ஒரே இடத்தில் வானியல் ஆராய்ச்சி செய்கிறோம். அங்கே காலியாக இருப்பது ஒரே ஒரு நிரந்தர வேலை. இரண்டு பேருமே விண்ணப்பித்திருக்கிறோம். இந்தக் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டால் வேலை அவளுக்குத்தான். பெருநாளுக்கு வந்திருந்த சங்கரன்கோவில் வீட்டில் என் உம்மாவே பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தையும் மீறி மருமகள் புகழைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். பெற்ற மகன் ஒருவன் இருப்பது நினைவில்லை போலும். எனக்கு வயிறு எரிந்தது.

கேலக்ஸிகள் கூட்டமாக இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று உரசும்போது சில நட்சத்திரங்கள் பிய்ந்து வெளியே போய்விடும். எந்தக் கேலக்ஸிக்கும் சொந்தமில்லாமல் நடுவெளியில் அலையும். படத்தில் அவை லேசான புகை மாதிரித் தெரியும். அந்தப் புகையை அளந்துதான் என் மனைவி பெரிய ஆளாகப் போகிறாள்.

படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஓரத்தில் நம் கேலக்ஸியைச் சேர்ந்த பக்கத்து நட்சத்திரம் ஒன்று பளிச்சென்று இருந்தது. அதை மட்டும் மறைத்திருந்தாள். டெலஸ்கோப்புக்குள் சிதறிப் படம் முழுக்கப் பரவியிருந்த அதன் வெளிச்சத்தைக் கழிக்க மறந்துவிட்டாள். அவள் அளந்த புகையில் பாதி அந்த ஒற்றை நட்சத்திரத்துடையது. மதிப்பிடுகிறவர்கள் கிழித்து எறிவார்கள். வேலையும் கைவிட்டுப் போகும்.

மனசு குளுகுளுவென்று ஆனது. "நல்லாருக்கு, அனுப்பு" என்றேன்.

அன்று பிரியாணி கூடுதல் ருசியாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது அவள் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். அவள் பெயரை அடுத்து என் பெயர் இருந்தது.

"என் பேரு எதுக்கு?"

"செக் பண்ணுனவங்க பேரச் சேக்கது வழக்கந்தான மச்சான்? இன்டர்வியூல உங்களுக்கும் உதவும்லா. இந்தா, அனுப்புதேன்."

பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

"பொறு, மெஹர்! அந்த நட்சத்திரத்தோட சிதறல நீ கழிக்கவே இல்ல."

அவள் முகம் வெளுத்தது. தப்பு எவ்வளவு பெரியது என்று அவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"இத எப்பப் பாத்தீங்க?"

"இப்பந்தான் கண்ணுல பட்டுச்சு."

மெஹர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

"இதுல படமே இல்லையே மச்சான். நம்ம பேரு மட்டுந்தான இருக்கு."