இடாப்பில் இருந்த சுபாஸ்கரன்

கிட்ட வந்து இருங்கள், என் குஞ்சுகளே. லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் நடந்த ஒன்றைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். அங்கே ஒரு தேவாலய மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை காலைகளில் நடந்த ஆங்கில வகுப்புக்கு, பதினைந்து வருடத்துக்கு முன் காணாமற்போன சுபாஸ்கரன் ஒருநாளும் தவறாமல் வந்தான். ஆளைக் கண்டவர் இல்லை. வசந்தமலர் ரீச்சர் வரவு இடாப்பில் பேரை வாசித்தால் வெறுங்கதிரையிலிருந்து "ஓம் ரீச்சர்" என்று குரல் வரும். கதிரையின் கீழே ஈர மணல் கிடக்கும். மண்டபம் கூட்டும் மேர்வின் அதற்கென்று தனி வாளி வைத்திருந்தார்.

எல்லாம் தொடங்கியது பதிவு நாளில். சுபாஸ்கரனின் மனைவி பிரியந்தி, லண்டன் வந்து ஆறு கிழமையானவள், இரண்டு படிவம் நிரப்பிக் கொடுத்தாள். ஊரில் போர் முடிந்த அன்று, கடற்கரையில் ஆமியிடம் பேர் பதியப் போன மனிதன் திரும்பவில்லை. அன்றிலிருந்து எந்தக் கந்தோரில் எந்தப் படிவம் நீட்டினாலும் அவனுக்கும் ஒன்று நிரப்புவது அவள் வழக்கம். ரீச்சரும் கவனிக்காமல் இரண்டையும் பதிந்துவிட்டார். குளிர் விடுவதற்குள் அவன் மணிக்கூடு பார்த்து நேரம் சொன்னான், வைத்தியருக்குப் போன் பேசப் பழகினான்.

"ஜேர்மனியிலை இருவது வருசம் கிடந்த எனக்கு வராத இங்கிலீஷ், கதிரையிலை இல்லாத மனுசனுக்கு வருது பாருங்கோ!" என்று கூடப் படித்த குகநாதன் புறுபுறுத்தார்.

ஆனியில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: பேச்சுப் பரீட்சைக்குத் தோற்றாதவரின் பேரை வெட்டவும். ரீச்சர் பேனையை எடுத்ததும் பிரியந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதேங்கோ ரீச்சர். எத்தினை லிஸ்ட் பாத்திட்டன். இந்த ஒண்டிலைதான் அவர் இருக்கிறார்."

"சோதிக்க வாற ஆளுக்கு நான் ஆரைக் காட்டுறது, பிள்ளை?"

"நீங்கள் பேரை மட்டும் வாசியுங்கோ."

பரீட்சை அன்று ரீச்சர் வாசித்தார். பரீட்சகர், வயதான வெள்ளைக்காரர், மற்றவர்களிடம் கேட்டதையே வெறுங்கதிரையிடமும் கேட்டார்: எங்கே வசிக்கிறீர்கள்? பிரியந்தி பதினைந்து வருடமாகக் கந்தோர் கந்தோராய்க் கேட்ட கேள்வி அது. மணலில் தண்ணீர் ஊறியது. பிறகு குரல், மெதுவாக, பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னது: என் மனைவியோடு, தோர்ண்டன் ஹீத்தில்.

பரீட்சகர் 'சித்தி', தேறிவிட்டார் என்று எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

புரட்டாதியில் இருவரையும் மேல்வகுப்பில் சேர்த்தார்கள். பிரியந்தி இப்போது இரண்டு தட்டு வைக்கிறாள். ஒன்றில் சோறு குறைவதில்லை; அவள் அதைக் குறையாக யாரிடமும் சொன்னதும் இல்லை.

உங்கள் வீட்டு உலை ஒருநாளும் ஆறாதிருக்கட்டும், கண்ணுகளே. வெளியே போன எல்லோரும் பசியோடு திரும்பி வரட்டும்.