ஒற்றைக் கை சிவப்பு

என் நாத்தனார் கோகிலாம்பாளுக்கு மறுநாள் கல்யாணம். மருதாணி வைக்கத் தெருப் பெண்களையெல்லாம் மத்தியானமே வரச்சொல்லியிருந்தேன். புளியும் கொட்டைப்பாக்கும் எங்கள் கடையிலிருந்தே வந்துவிட்டன. இலை வாங்கிவரப் பாலவனத்தம் போன என் வீட்டுக்காரர்தான் பொழுதுசாய பஸ்ஸை விட்டு இறங்கினார். வழியில் யாருடனோ பருத்தி விலை பேசிக்கொண்டு நின்றாராம்.

எனக்கு வந்ததே கோபம்! "இத்தனை பேரும் காத்துக் கிடக்கோம். நீங்களே ஆட்டுங்க!" என்றேன்.

"எனக்கென்ன ஆட்டத் தெரியாதா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டுரலில் உட்கார்ந்துவிட்டார். வலதுகை குழவியைச் சுற்ற, இடதுகை இலையைக் குழிக்குள் தள்ளியது. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் மட்டும் "இன்னும் நைசா, இன்னும் நைசா" என்று விரட்டிக்கொண்டே இருந்தேன்.

விடிந்ததும் எல்லோரும் கையைக் கழுவிவிட்டு, யாருக்கு அதிகம் சிவந்திருக்கிறதென்று பார்த்தார்கள். புருஷன் பிரியமாக இருந்தால்தான் கை சிவக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. என் கை சுமார்தான்.

அப்போது இடதுகையைத் துண்டுக்குள் மறைத்தபடி அவர் காப்பி கேட்டு வந்தார். கோகிலாம்பாள் துண்டை இழுத்தாள். மணிக்கட்டு வரை சிவப்பு!

"அடேயப்பா! மதினிக்கு அண்ணன் மேல இம்புட்டுப் பிரியமா!"

நேற்றெல்லாம் வைத நான் காப்பி எடுக்க அடுப்படிக்குள் ஓடினேன். அவரோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரையும் இரண்டு கையாலும் கும்பிட்டார்.