நாலரை லிட்டர்

2021ஆம் ஆண்டு பங்குனியிலிருந்து, தங்கசாமியின் காரில் ஊற்றிய தண்ணீர் தங்கசாமியின் உடம்பில் போய்ச் சேர்ந்தது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். கார் மாட்டுக் கட்டுத்தரைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் நின்றது. அவர் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். இரண்டுக்கும் நடுவே நாற்பதடி வெறும் தரை. குழாய் எதுவும் இல்லை.

அது 1993ஆம் வருடத்துப் பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், ஆயிரத்து நூற்றெண்பது சி.சி., கார்புரேட்டர். பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உட்காரும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும்; அதனால் இந்த வகை எஞ்சின்கள் ஒருமுறை நன்றாகக் கொதித்தால் ஹெட் லேசாக வளைந்துவிடும், நடுவில் இருக்கும் கேஸ்கெட் விட்டுக்கொடுக்கும், தண்ணீர் குறையத் தொடங்கும். மழைக்காலத்தில் ஈரம் கோத்து ஸ்டார்ட் ஆகாது. சித்திரை வெயிலில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி நடுரோட்டில் நிற்கும். எண்ணூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கும். இவற்றையெல்லாம் தங்கசாமி பொறுத்துக்கொண்டார். ரேடியேட்டரில் கூலண்ட் ஊற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் மட்டும் பொறுக்கமாட்டார். அவர் இருபத்திரண்டு வருடம் ரிக் வண்டி வைத்து ஆறு மாநிலத்தில் போர்க்கிணறு போட்டவர். சங்ககிரிக்குத் தெற்கே தன் காட்டில் அறுநூற்று நாற்பதடியில் தானே எடுத்த தண்ணீர் இருக்கும்போது டப்பாவில் விற்கும் பச்சை நிறத் தண்ணீரை ஊற்றுவது அவருக்கு அவமானம். அந்தப் போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. முப்பது வருடத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் சுண்ணாம்பு படிந்தது. அதே தண்ணீரைத்தான் அவரும் குடித்தார். அவருடைய சிறுநீரகம் இரண்டும் நின்றுபோனதற்குக் காரணம் சர்க்கரைதான் என்று டாக்டர் சொன்னார்.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் டயாலிசிஸ். சூரமங்கலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மகள் சண்முகப்பிரியா கார் ஓட்டுவாள். வேதியியல் படித்து, பள்ளிபாளையத்தில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தாள். நாளொன்றுக்குக் காப்பி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர்தான் அவர் குடிக்கலாம். மனைவி பாப்பாயி டம்ளரில் கோடு கிழித்து அளந்து கொடுத்தாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எடை நான்கு கிலோ, ஐந்து கிலோ கூடியிருந்தது. மெஷின் பார்க்கும் அன்பரசு எடைமேடையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்வான்: "அய்யா, வர்ற வழியில காவேரியில எறங்கி குடிச்சிட்டு வந்தீங்களா?"

"சத்தியமா ஒரு மொடக்கு குடிக்கலீங்க தம்பி," என்பார் தங்கசாமி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கனவில்கூடத் தண்ணீர்தான் வருகிறது என்று பாப்பாயியிடம் சொல்லியிருந்தார்.

கார் தண்ணீர் குடிப்பதும் யாருக்கும் பிடிபடவில்லை. சங்ககிரியில் லாரி பட்டறை வைத்திருந்த பொன்னன் இரண்டு முறை பார்த்தார். கீழே சொட்டவில்லை, புகையில் வெள்ளை இல்லை, ஆயில் பால் மாதிரி ஆகவும் இல்லை. "இத்தன தண்ணியும் எங்கதானுங்க போகுது?" என்று சண்முகப்பிரியாவையே கேட்டார். அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. இடப்பக்கம் ரேடியேட்டருக்கு ஊற்றிய லிட்டர், வலப்பக்கம் அப்பாவுக்குக் கூடிய கிலோ. குடித்ததைக் கழித்துப் பார்த்தால் இரண்டும் பதினோரு வாரமாக நூறு கிராம் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன.

பன்னிரண்டாவது வாரம் ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்து பக்கெட்டில் பிடித்தாள். அந்த எஞ்சினுக்கு மொத்தக் கொள்ளளவே நாலரை லிட்டர். ஆறு லிட்டர் வந்தது, இன்னும் வந்துகொண்டிருந்தது. ஆசாரத்திலிருந்து அப்பா கூப்பிட்டார்: "பிரியா, காலு லேசாயிருச்சு சாமி!" அவள் திருகை மூடாமல் ஓடிப்போய்ப் பார்த்தாள். வீக்கம் வடிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் சொருகியது. திரும்ப ஓடித் திருகை மூடி நாலரை லிட்டர் ஊற்றிய பிறகுதான் அவருக்கு நாடி ஏறியது.

பாப்பாயியிடம் மட்டும் சொன்னாள். பாப்பாயி நோட்டைப் பார்க்கவில்லை. "சரி, அப்ப காரை விக்கக்கூடாது," என்றாள்.

அதன்பிறகு அது ஒரு வீட்டு வேலையாயிற்று. காலையில் பால் கறந்ததும் பிரியா திருகைத் திறந்து அளந்து எடுப்பாள். நாலரையை மட்டும் திரும்ப ஊற்றுவாள். மிச்சத்தைக் கறிவேப்பிலைச் செடிக்கு விடுவாள். தண்ணீரைத்தான் இப்படி எடுக்க முடியும், ரத்தத்தின் உப்பும் கழிவும் போகாது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஆஸ்பத்திரி தொடர்ந்தது. டாக்டர் தங்கசாமியை மற்ற நோயாளிகளுக்கு உதாரணமாகக் காட்டினார். சித்திரையில் ஒருநாள் தங்கசாமி ஒரு சொம்பு நீர்மோர் கேட்டார். அவள் கொடுத்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்து, சொம்பைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தார். அவள் எழுந்துபோய்த் திருகைத் திறந்தாள். இப்படி இரண்டரை வருடம் போயிற்று.

அண்ணன் ஜெகதீஸ்வரன் ராய்ப்பூர் பக்கம் ரிக் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருமுறை போனில் அவனிடம் சொல்லிப் பார்த்தாள். சிரிப்புதான் வந்தது. "அம்முணி, பி.எஸ்சி படிச்சது இதுக்குத்தானா? பேசாம கோடாங்கி அடிச்சுக் குறி சொல்லப் போயிருக்கலாமல்ல." அவளுக்கு முகம் சுட்டது. அப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. இன்னொருமுறை சொல்லியிருக்க வேண்டும் என்பது பின்னால் எல்லோருக்கும் தெரிந்தது.

2024 தைப்பொங்கலுக்கு அவன் வந்தான். மாட்டுப்பொங்கல் முடிந்து, அவள் வேலைக்குப் போன வியாழக்கிழமை, கொட்டகைக்குள் போய்ப் பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். அப்பனை ஏற்றிப்போகிற வண்டி இந்த லட்சணத்தில் இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. தங்கச்சி சந்தோஷப்படட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் பொன்னன் பட்டறைக்கு ஓட்டிப்போனான். இருவரும் சேர்ந்து நாலரை லிட்டரை வடித்துத் திருகை மூடிவிட்டு ஹெட்டைக் கழற்றினார்கள். அதை லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்து வாங்கிவந்து புதுக் கேஸ்கெட் வைத்தார்கள். சுண்ணாம்பைக் கரைக்க ஆசிட் விட்டுக் கழுவினார்கள். அந்நேரம் வீட்டில் தங்கசாமி கால் எரிகிறது என்று கத்தினார். பாப்பாயி விளக்கெண்ணெய் தடவினாள். மூன்று மணிக்கு அவன் நாலரை லிட்டர் பச்சைக் கூலண்ட் ஊற்றி மூடியைத் திருகினான்.

மூன்றரைக்கு லேபுக்குப் போன் வந்தது. "கண்ணு, அப்பனுக்கு வாயெல்லாம் இனிக்குதாம். நிக்க முடியாம தள்ளாடறாரு."

கூலண்டில் இருக்கும் அந்த இனிப்பு விஷத்தின் வேதிப்பெயர் அவளுக்குத் தெரியும். "அம்மா, காரு எங்கீங்க?"

"அண்ணன் எடுத்துட்டுப் போனானே."

நூற்றெட்டுக்குக் கூப்பிடச் சொல்லிவிட்டு அண்ணனுக்கு அடித்தாள். திருகை மட்டும் திறந்துவிட்டால் அப்பா வற்றிப்போவார், திறக்காவிட்டால் விஷம். "அண்ணா, எஞ்சினை ஓட விடுங்க. கீழே திருகைத் திறங்க, மேலே ஓஸ் பைப்பை வைங்க. எடுக்க எடுக்க ஊத்தணும். நிறுத்தவே கூடாதுங்க."

"ஏ, இப்பத்தான் புதுசா ஊத்துனேன்..."

"ஊத்துனது அப்பன் வயித்துலீங்கண்ணா!"

அவள் அவனிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல்முறை. அவன் நம்பினானோ இல்லையோ, திருகைத் திறந்தான். பட்டறையில் இருந்தது போர்த் தண்ணீர் அல்ல, குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீர். அவள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது தரையெல்லாம் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஓஸ் பைப்பை ரேடியேட்டர் வாயில் பிடித்தபடி நின்றான். பொன்னன் எதுவும் கேட்காமல் ஆக்சிலேட்டரை ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸுக்குள்ளிருந்து பாப்பாயி போனில் பேசிக்கொண்டே வந்தாள். இனிப்பு குறைஞ்சிருச்சாம். மூச்சு மட்டும் வாங்குது. கண்ணைத் தொறந்துட்டாரு. பட்டறைத் தரையில் பச்சை வெளிறி இளமஞ்சளாகி, கடைசியில் நிறமே இல்லாமல் வந்தது. மகுடஞ்சாவடி தாண்டும்போது தங்கசாமி போனை வாங்கிக்கொண்டார்.

"இது நம்ம தண்ணி இல்லியே சாமி," என்றார். "நல்லா இருக்குது. தாகமே இல்ல எனக்கு."

அவருடைய இதயம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. அன்பரசு பழக்கத்தில் எடை பார்த்தான். இருக்க வேண்டிய எடை சரியாக இருந்தது. பட்டறையில் தகவல் வந்த பிறகும் ஜெகதீஸ்வரன் ஓஸ் பைப்பை எடுக்கவில்லை. பொன்னன்தான் குழாயை அடைத்துவிட்டு, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

காரியம் முடிந்து அவன் ராய்ப்பூர் போனான். கார் அதன்பின் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. கேஸ்கெட் நன்றாக உட்கார்ந்துவிட்டது என்றார் பொன்னன். வெள்ளிக்கிழமைதோறும் ஜெகதீஸ்வரன் போன் செய்வான். "தண்ணி எறங்குச்சா?" "எறங்கலீங்கண்ணா." "செரி." வேறு ஒன்றும் பேசமாட்டான்.

அடுத்த வருடம் ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் ரேடியேட்டரில் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. யாருக்கு என்று தெரியவில்லை. சண்முகப்பிரியா எடை பார்த்தாள், கூடவில்லை. அண்ணனுக்குச் சொன்னாள். அவன் சிரிக்காமல் போய், லாரி எடைமேடைக்குப் பக்கத்துக் கடையில் எடை பார்த்துவிட்டுக் கூப்பிட்டு, கிராம்வரை சொன்னான். கூடவில்லை. பாப்பாயி செருப்பைக் கழற்றிவிட்டு எடைமெஷினில் ஏறினாள். இருநூறு கிராம் கூடியிருந்தது.

"எனக்குத்தான்," என்றாள். இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.