பெரியாத்தா கண்ணு

எழுபத்தேழு ஐப்பசியில் ஒச்சம்மாளுக்கும் எனக்கும் ஒரே மாதத்தில் பிள்ளை பிறந்தது. அவள் மழைக்கு முன்னாலேயே போடிக்கு இறங்கிப் பெற்றுக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு வலி கண்ட அன்று போடிமெட்டு வளைவில் மண் சரிந்து ஜீப்பு நின்றுபோனது. என் பிள்ளை செத்துப் பிறந்தது.

ஒச்சம்மாள் என் கொழுந்தன் பெண்டாட்டி; அவள் பிள்ளைக்கு நான் பெரியாத்தா முறை. ஏலத்தோட்டத்து லயத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் பிள்ளை அழுதால் என் மார் நனையும்.

பொறாமைப்பட்டேன். இதில் பூசி மெழுக என்ன இருக்கிறது? அவள் வீட்டில் பத்தியக் குழம்பு கொதிக்கிற வாசனைக்கே எனக்கு வயிறு எரிந்தது. என்னைக் கண்டால் அவள் பிள்ளையை முந்தானைக்குள் மறைப்பாள். நான் வாசலைத் தாண்டியதும் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போடுவாள். நெடி வராவிட்டால் பிள்ளைக்குக் கண்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நானும் சுவரோரம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு நாளும் வந்ததில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கவும் போகவில்லை. என் வீட்டுக்காரர் வீரணன் தோட்டத்து ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே அன்னம்மா சிஸ்டர், கோட்டயத்துக்காரி. ஊசி போடுவாள் என்று பார்த்தால் நாற்காலியைக் காட்டினாள்.

"பறயு மோளே. மனசுல உள்ளதச் சொல்லு."

ஞாயிறுதோறும் போனேன். முதலில் தலைவலி, இடுப்புவலி என்று கதைவிட்டேன். ஒரு ஞாயிறு வாயை அடக்க முடியவில்லை.

"அவ பிள்ள செத்து எம்பிள்ள பொழச்சிருக்கலாம்னு தோணுது சிஸ்டர்."

எழுந்து போகச் சொல்வாள் என்று நினைத்தேன். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நின்டெ குஞ்ஞுக்கு என்ன பேரு வைக்க நெனச்சே?" என்றாள்.

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "பொன்னுமணி" என்றேன். அப்போதுதான் அழுதேன்.

அதன்பிறகு போகும்போதெல்லாம் பொன்னுமணியைப் பற்றியே பேசினோம். யார் மூக்கு, யார் நிறம், எங்கே புதைத்தோம் என்று கேட்பாள். மெல்ல மெல்லச் சோறு இறங்கியது. காய் எடுக்கப் போனேன். பொறாமை மட்டும் போகவில்லை. கேட்டால், "அது அங்கே இருக்கட்டும். நீ ஒளிச்சு வைக்காதே" என்றாள் சிஸ்டர்.

தை மாதம் ஒரு நாள், நான் வாசலைத் தாண்டியதும் ஒச்சம்மாள் மிளகாயை எடுத்தாள். திரும்பி நேரே அவள் வீட்டுக்குள் போனேன்.

"கொண்டா இங்க. நானே சுத்துறேன்."

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "அக்கா..."

"உம்பிள்ளையப் பாத்தா எனக்குப் பொறாமையாத்தான் இருக்குடி. ஒளிச்சு என்ன ஆகப்போகுது? கொண்டா வெரசா."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு பிள்ளையோடு கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். கைநிறைய உப்பும் மிளகாயும் அள்ளிச் சுற்றினேன்.

"ஊருக்கண்ணு, ஒறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு, பெரியாத்தா கண்ணு, எல்லாக் கண்ணும் எரிஞ்சு போகட்டும்."

அடுப்பில் போட்டதும் நெடி ஏறியது. இருவரும் இருமித் தீர்த்தோம். "கண்ணே இல்லக்கா!" என்று ஒச்சம்மாள் சிரித்துக்கொண்டே பிள்ளையை என் மடியில் போட்டாள்.

மிளகாய்க்கு என்ன தெரியும்? பிள்ளையைக் கையில் வாங்கியபோதும் வயிறு எரியத்தான் செய்தது.

"பொன்னுமணி இந்நேரம் இந்தக் கனம் இருப்பா" என்றேன்.

ஒச்சம்மாள் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் பிள்ளையைத் திருப்பி வாங்கக் கை நீட்டவில்லை.